“ஐம்பதடி நீளம் இருந்தது” என்று யாராவது சொன்னால்: ராட்சதப் பாம்புக் கதைகளைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

உயிரோடு, நல்ல உடல்நிலையில், 30 அடிக்கு மேல் நீளமான ஒரு பாம்பைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று அமெரிக்காவில் ஓர் அறிவிப்பு பல பத்தாண்டுகள் நின்றிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் 1,000 டாலரில் தொடங்கிவைத்தார். பின்னர் நியூயார்க் விலங்கியல் சங்கம் அதை 50,000 டாலர்வரை உயர்த்தியது. அமேசான் காட்டிலும் போர்னியோவிலும் எத்தனையோ வேட்டைக்காரர்களும் பாம்பு வியாபாரிகளும் இருந்தார்கள். ஒருவர்கூட அந்தப் பணத்தை வாங்கவில்லை. 2002இல் பரிசையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதே காலத்தில் 40 அடி, 60 அடி, 100 அடி என்று பாம்புச் செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. இன்றும் வருகின்றன, முன்னைவிட வேகமாக. அப்படி ஒரு செய்தியோ படமோ காணொளியோ உங்களிடம் வந்தால் அதை எந்த வரிசையில் சோதிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இது சொன்ன நீளமா, அளந்த நீளமா?

படி 1: எந்தப் பாம்பு என்று முதலில் கேளுங்கள்

“ராட்சதப் பாம்பு” என்று ஓர் இனம் கிடையாது. பேருருவம் எடுக்கும் பாம்புகள் சிலவே. நீளத்தில் முதலிடம் தென்கிழக்கு ஆசியாவின் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புக்கு. உடல் முழுதும் வலை பின்னியதுபோன்ற கோலம் இருக்கும். எடையிலும் பருமனிலும் முதலிடம் தென் அமெரிக்காவின் பச்சை அனகோண்டாவுக்கு. அடுத்து பர்மா மலைப்பாம்பு, ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு, இந்திய மலைப்பாம்பு. நச்சுப்பாம்புகளில் மிக நீளமானது ராஜநாகம். லண்டன் விலங்குக் காட்சியகத்தில் வளர்ந்த ஒன்று 5.71 மீட்டர் எட்டியது.

இனம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஒவ்வோர் இனத்துக்கும் அளந்து எழுதிய உச்சம் இருக்கிறது. மெடூசா என்று பெயரிடப்பட்ட ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பை 2011 அக்டோபரில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் அளந்தார்கள். 7.67 மீட்டர், அதாவது 25 அடி 2 அங்குலம். எடை 158.8 கிலோ. மனிதர் வளர்ப்பில் முறைப்படி அளந்து உலக சாதனையாகப் பதிந்த நீளம் இது. நேராகப் பிடித்து நிறுத்த 15 பேர் தேவைப்பட்டார்கள். காட்டுப் பாம்பு வேண்டுமென்றால், 1999இல் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் மயக்கமருந்து கொடுத்து ஆய்வாளர்கள் அளந்த ஒன்று இருக்கிறது: 6.95 மீட்டர், 59 கிலோ. அது ஒரு சூரியக் கரடியை விழுங்கியிருந்தது. கரடியின் கழுத்தில் ஆய்வாளர்கள் மாட்டியிருந்த, வானொலி அலை அனுப்பும் கருவிதான் பாம்பைக் காட்டிக்கொடுத்தது.

அனகோண்டாவைப் பற்றிய எண்கள் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். வெனிசுவேலாவின் புல்வெளிச் சதுப்புகளில் ஹெசூஸ் ரிவாஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான அனகோண்டாக்களைப் பிடித்து அளந்திருக்கிறார். அவற்றுள் மிகப் பெரியது 5.21 மீட்டர், 97.5 கிலோ. இதைவிடப் பெரியவை எங்கும் இல்லை என்று பொருளல்ல. ஆனால் அத்தனை பாம்புகளைக் கையால் தூக்கி அளந்தவர் 17 அடி என்கிறபோது, ஒரே ஒரு பாம்பைப் படகிலிருந்து பார்த்தவர் 60 அடி என்றால் யார் பக்கம் சாய்வது?

இன்னொன்று. மலைப்பாம்பிலும் அனகோண்டாவிலும் பேருருவம் எடுப்பவை பெண் பாம்புகள்தாம். “ராட்சத ஆண் அனகோண்டா” என்று ஒரு செய்தி தொடங்கினால், எழுதியவர் பாம்பை அருகில் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: உடல் எங்கே?

முக்கியமான படி இது. காட்சியகத்தில், ஆயிரக்கணக்கானோர் கண்முன்னால் இருந்த பாம்புகளின் நீளம்கூடத் தவறாக இருந்திருக்கிறது.

பிட்ஸ்பர்க் நகர விலங்குக் காட்சியகத்தில் கொலோசஸ் என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு இருந்தது. 1956இல் அதன் நீளம் 8.69 மீட்டர் என்று சொல்லப்பட்டது. அரை நூற்றாண்டுக்காலம் புத்தகத்துக்குப் புத்தகம் அந்த எண் படியெடுக்கப்பட்டது. 1963இல் பாம்பு இறந்ததும் உடல் கார்னகி அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே எலும்புக்கூட்டின் நீளம் 6.35 மீட்டர். உரித்த புதுத் தோலே 7.3 மீட்டருக்குள்தான் இருந்தது. இந்த விவரத்தை 2012இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிக்கொண்டுவரும்வரை பழைய எண்ணே உலவியது.

அதே கட்டுரை இன்னொரு பாம்பையும் திருத்தியது. இலினாய் மாநிலத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த ‘பேபி’ என்ற பர்மா மலைப்பாம்பு 27 அடி, அதாவது 8.23 மீட்டர் என்று சொல்லப்பட்டது. இறந்தபின் அளந்தபோது 5.74 மீட்டர். இரண்டரை மீட்டர் காணாமல் போயிற்று! அது சிறிய பாம்பும் அல்ல. 182.8 கிலோ எடை, அளந்து பதிந்த பர்மா மலைப்பாம்புகளில் அன்றைக்கு அதுவே நீளமானது. உண்மை நீளமே சாதனையாக இருந்தபோது பொய் நீளம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ஜாவாவில் நடந்தது. 2003 இறுதியில் அங்கே ஒரு பூங்காவில் 14.85 மீட்டர் நீளமும் 447 கிலோ எடையும் உள்ள மலைப்பாம்பு இருப்பதாக உலகம் முழுதும் செய்தி பரவியது. நேரில் போன ஒரு செய்தியாளர் நாடாவோடு போனார். 6.5 மீட்டருக்கும் 7 மீட்டருக்கும் இடையில்தான் வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? உயிருள்ள பெரிய பாம்பு நேராகக் கிடக்காது. உடலெங்கும் தசை, நூற்றுக்கணக்கான முள்ளெலும்புகள். இழுத்தால் சுருங்கும், பிடித்தால் சுற்றும், பலமாக இழுத்தால் அதற்குக் காயம். ஆகவே பெரும்பாலானோர் அளப்பதில்லை, கண்ணால் மதிப்பிடுகிறார்கள். சுருண்டு கிடக்கும் உடலைக் கண்ணால் அளப்பது அனுபவசாலிகளுக்கே தவறுகிறது. அதோடு அச்சமும் சேர்ந்தால் கண் இன்னும் தாராளமாகிவிடுகிறது.

ஆகவே செய்தியில் இவற்றைத் தேடுங்கள்: அளந்தவர் யார், எதைக் கொண்டு அளந்தார், பாம்பு உயிரோடு இருந்ததா, உடலோ எலும்போ இப்போது எங்கே இருக்கிறது. நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லையென்றால் நீளத்தை அடித்துவிட்டு “பெரிய பாம்பு” என்று மட்டும் படியுங்கள்.

படி 3: தோலை நம்பாதீர்கள்

உடல் இல்லை, தோல் இருக்கிறது என்பார்கள். பாம்பை உரிக்கும்போதும் ஆணியடித்துக் காயவைக்கும்போதும் தோல் நீளும். இழுவையைப் பொறுத்து 20 முதல் 40 விழுக்காடுவரை, சில நேரம் அதற்கும் மேல் கூடும். 5 மீட்டர் பாம்பிலிருந்து 7 மீட்டர் தோல் வருவது அதிசயமில்லை. பாம்பு தானே கழற்றிப்போடும் சட்டையும் அப்படித்தான். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் தோல் விரிவதால், சட்டை எப்போதும் பாம்பைவிட நீளம். எந்த இனம் என்பதை அது நன்றாகச் சொல்லும், நீளத்தைச் சொல்லாது.

வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற ராட்சதப் பாம்பும் ஒரு தோலில்தான் நிற்கிறது. ரோமுக்கும் கார்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போரின்போது, ஏறத்தாழ பொ.ஆ.மு. 256–255இல், ரெகுலஸ் என்ற ரோமானியத் தளபதியின் படை இன்றைய துனிசியாவின் பக்ராடாஸ் ஆற்றங்கரையில் 120 அடிப் பாம்போடு மோதியதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. கோட்டை மதிலை உடைக்கும் கல்லெறி பொறிகளைக் கொண்டு அதைக் கொன்றார்களாம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தோலும் தாடையும் ரோமுக்கு அனுப்பப்பட்டு, நூறாண்டுக்கு மேல் ஒரு கோயிலில் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். ஏதோ ஒரு பெரிய பாம்பைக் கொன்றிருக்கலாம், நீட்டி உலர்த்திய ஒரு தோலை அனுப்பியும் இருக்கலாம். 120 அடி மட்டும் நடக்காத காரியம். அதைப் படி 5இல் பார்ப்போம்.

படி 4: படத்தில் அளவுகோலைத் தேடுங்கள்

பாம்பைக் கம்பில் மாட்டிக் கேமராவை நோக்கி நீட்டிப் பிடித்தால் பாம்பு பெரிதாகும், பின்னால் நிற்பவர் சிறுத்துப்போவார். கைபேசியின் அகலக்கோண வில்லை இதை இன்னும் கூட்டும். பிடித்திருப்பவரின் கைவிரல்களைப் பாருங்கள். விரல் தெரியாதபடி கம்பும் கொக்கியுமாக இருந்தால் அது தொலைவு விளையாட்டு. விரல் தெரிந்தால், பாம்பின் தடிமனை அந்த விரலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வானிலிருந்து எடுத்த படங்கள் தனி ரகம். 1959இல் காங்கோவின் கட்டாங்கா பகுதியில் பெல்ஜிய விமானி ரெமி வான் லியெர்டே ஹெலிகாப்டரிலிருந்து ஒரு பாம்பைக் கண்டு, உடனிருந்தவர் அதைப் புகைப்படம் எடுக்கும்படி அதன்மேல் பறந்தார். 50 அடி இருக்கும் என்றார். படம் போலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நீளம் முழுக்க முழுக்கச் சுற்றியுள்ள புதர்களின் உயரத்தைப் பொறுத்தது. புதர் ஆளுயரம் என்றால் பாம்பு ராட்சதம், முழங்காலளவு என்றால் சாதாரணம். 2009இல் போர்னியோவின் பாலே ஆற்றில் 100 அடிப் பாம்பு நீந்துவதாக ஒரு படம் சுற்றியது. அவ்வளவு பெரிய உயிர் மனிதர் வாழும் ஆற்றில் திரிந்தும், அதன் எலும்போ சட்டையோ யார் கையிலும் வந்து சேரவில்லை.

காணொளிக்குச் சுருக்கமாக ஒன்று: அதைத் தனித்தனிப் படங்களாக நிறுத்திப் பாருங்கள், படத்தைத் தேடுபொறியில் ஏற்றித் தேடுங்கள். ஒரே பாம்பு நான்கு நாடுகளில், நான்கு நீளங்களில் “நேற்று பிடிபட்டிருக்கும்”.

படி 5: எடைக்கணக்குப் போடுங்கள்

இதற்கு ஒரு காகிதம் போதும். ஒரே வடிவத்தில் ஒரு பொருள் இரு மடங்கு நீளமானால் அகலமும் உயரமும் இரு மடங்காகும். ஆக எடை எட்டு மடங்கு. இரண்டு பாம்புகளின் நீள விகிதத்தை மூன்றுமுறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் (2 × 2 × 2 = 8 என்பதுபோல) எடை விகிதம் கிடைத்துவிடும்.

ஜாவாப் பாம்பை எடுத்துக்கொள்வோம். கலிமந்தான் பாம்பு அளந்தபோது ஏறத்தாழ மூன்று மாதமாகப் பட்டினி, மெலிந்திருந்தது, 6.95 மீட்டருக்கு 59 கிலோ. அதே மெலிவோடு 14.85 மீட்டர் இருந்தால் ஏறத்தாழ 575 கிலோ வர வேண்டும். சொன்ன எடையோ 447. பட்டினி கிடந்த பாம்பைவிடவும் ஒல்லியாக ஒரு காட்சிப் பாம்பு! நாடாவைத் தொடாமலே, இந்தக் கணக்கே அந்தச் செய்தியைச் சந்தேகிக்க வைத்திருக்கும்.

1907இல் பெர்சி ஃபாசெட் என்ற ஆங்கிலேயப் பயணி அபுனா ஆற்றில் 62 அடி அனகோண்டாவைச் சுட்டதாக எழுதினார். நீருக்கு வெளியே 45 அடி, உள்ளே 17 அடி, உடல் தடிமன் ஓர் அடிக்கு மேல் இல்லை என்றார். ரிவாஸ் அளந்த 5.21 மீட்டர் அனகோண்டாவை, நீரின் அடர்த்தியுள்ள ஓர் உருளையாக வைத்து எடையையும் நீளத்தையும் கொண்டு கணக்கிட்டால், தலைமுதல் வால்வரை சராசரிக் குறுக்களவு 15 சென்டிமீட்டர் வருகிறது. அதே வடிவத்தில் 62 அடிக்கு நீட்டினால் சராசரியே 55 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். ஃபாசெட்டின் பாம்பு அதில் பாதிதான். நெடுநாள் இரையில்லாமல் இருந்திருக்கலாம் என்று அவரே ஒரு காரணம் சொல்கிறார். நீருக்குள் இருந்த 17 அடியை அவர் எப்படிப் பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கேள்வி.

120 அடிக்கு வருவோம். மெடூசாவின் உடல்வாகில் 50 அடிப் பாம்பே 1,200 கிலோவைத் தாண்டும். 120 அடி என்றால் 17 டன்னுக்குக் குறையாது. வயிற்றால் ஊர்ந்து, தன் உடல்சூட்டைத் தானே உண்டாக்க முடியாத ஓர் உயிருக்கு அது கட்டுப்படியாகாத உடல்.

எடைச் சோதனையில் ஓர் எச்சரிக்கை: கூண்டில் வளரும் பாம்புக்கு இரை கூடுதல், அலைச்சல் இல்லை. பேபி 5.74 மீட்டரிலேயே 182 கிலோ இருந்ததை மறக்க வேண்டாம். எடை பெரிதாக இருப்பதால் நீளமும் உண்மை என்று முடிவு செய்யக் கூடாது.

படி 6: “மனிதனை விழுங்கியது” — இதில் மட்டும் அவசரப்பட்டு மறுக்காதீர்கள்

மிகைப்படுத்தலைத் தேடப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் எதிர்ப்பக்கம் தவறுகிறார்கள். எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். இந்தோனேசியாவில் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புகள் வளர்ந்த மனிதர்களை விழுங்கியது உண்மை. 2017இல் மேற்குச் சுலாவெசியில் ஓர் இளைஞர், 2018இல் மூனா தீவில் ஒரு பெண், 2022இல் சுமத்ராவின் ஜாம்பியில் ஒரு பெண். மூன்றிலும் பாம்பின் வயிற்றிலிருந்து உடல் எடுக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களின் துயரத்தைப் ‘புரளி’ என்று பகிர்வது பெரிய தவறு.

பிலிப்பைன்ஸின் அக்தா என்ற காட்டுவாழ் மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மானிடவியலாளரும் ஒரு பாம்பியல் அறிஞரும் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விசாரிக்கப்பட்ட 58 ஆண்களில் 15 பேர், அதாவது நான்கில் ஒருவர், வாழ்நாளில் ஒருமுறையாவது மலைப்பாம்பால் தாக்கப்பட்டிருந்தார்கள். 1934 முதல் 1973 வரை அந்த மக்களில் ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். அக்தா மக்களும் மலைப்பாம்பைக் கொன்று தின்பவர்கள்தாம். இதற்கு நேர்மாறாக, அனகோண்டா ஒரு மனிதரை விழுங்கியதாகச் சரிபார்க்கப்பட்ட நிகழ்வு ஒன்றும் கிடையாது.

நிகழ்வு உண்மையாக இருக்கும்போதே அதைச் சுற்றிய விளக்கம் பொய்யாக இருக்கும். அவற்றுள் நாலைந்தைத் தெரிந்துவைத்தால் போதும்.

எலும்பை நொறுக்கிக் கொல்லும் என்பார்கள். இல்லை. 2015இல் போவாப் பாம்புகளைக் கொண்டு அளந்து பார்த்தபோது, இறுக்கிய சில நொடிகளிலேயே இரையின் இரத்த ஓட்டம் சரிந்தது. மூச்சு முட்டுவதற்கு முன்பே இதயம் தோற்கிறது.

தாடையைக் கழற்றி மாட்டும் என்பார்கள். கழற்றுவதில்லை. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் ஒட்டாமல், நீளும் தசைநாரால் கட்டியிருக்கின்றன. அதனால்தான் வாய் அவ்வளவு விரிகிறது. அப்படியும் மனிதத் தோள்பட்டையின் அகலம்தான் அதற்குப் பெரிய தடை.

மூச்சை உள்ளிழுத்தே இரையை வாய்க்குள் கொண்டுவரும் என்பது பிளினி காலத்திலேயே இருந்த கதை. மலைப்பாம்பு பதுங்கிக் கிடந்து, கவ்வி, சுற்றும், அவ்வளவே.

மிக அதிகமாகப் பரவுவது வளர்ப்புப் பாம்புக் கதை. சாப்பிடாமல் இருந்த பாம்பு தினமும் இரவில் எஜமானரின் பக்கத்தில் நீட்டிப் படுத்ததாம். மருத்துவரிடம் கேட்டால் “உங்களை விழுங்க முடியுமா என்று அளந்து பார்க்கிறது” என்றாராம். ஊருக்கு ஊர் ஆள் மாறும், கதை மாறாது. பாம்பு இரையை அளந்து பார்ப்பதில்லை. சூடான உடல் இருக்கும் இடத்தில் ஒதுங்கும், தோல் உரிக்கும் காலத்தில் இரை எடுக்காது. ஆனாலும் பெரிய மலைப்பாம்பைத் தனியாளாகக் கையாளக் கூடாது என்பது உண்மை. அதற்குக் கதை தேவையில்லை.

படி 7: புதைபடிவச் செய்தியில் வீச்சைப் படியுங்கள்

ராட்சதப் பாம்புகள் உண்மையிலேயே இருந்தன, மனிதர் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன். கொலம்பியாவின் செரஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு 2009இல் அறிவிக்கப்பட்டது டைட்டனோபோவா. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. மதிப்பீடு 12.8 மீட்டர், 1,135 கிலோ. நாம் போட்ட எடைக்கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். கட்ச் பகுதியின் பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளை ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் 2024இல் ‘வாசுகி இண்டிகஸ்’ என்று பெயரிட்டு அறிவித்தார்கள். வயது 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகள்.

வாசுகியின் நீளத்தை இரண்டு முறைகளில் கணித்தார்கள். ஒன்று 10.9 முதல் 12.2 மீட்டர் என்றது, மற்றது 14.5 முதல் 15.2 மீட்டர். தலைப்புகளில் வந்தது 15 மட்டும். முதுகெலும்பின் எந்தப் பகுதியிலிருந்து வந்த எலும்பு என்று முடிவு செய்வதைப் பொறுத்தே மொத்த நீளம் மாறும். எகிப்தில் கிடைத்த ஜைகாண்டோஃபிஸ் ஒரு காலத்தில் 10 மீட்டர் என்று எழுதப்பட்டு, பிற்பாடு 7 மீட்டருக்கு இறங்கியது. அந்தத் துறையில் எண் இறங்குவது தோல்வி அல்ல, ஒழுங்கு.

“டைட்டனோபோவா இன்னும் அமேசானில் ஒளிந்திருக்கிறது” என்பவர்களுக்கு ஒரு வரி: அந்த உடல் அளவுக்கு இன்றைய வெப்ப மண்டலத்தைவிடச் சூடான உலகம் தேவைப்பட்டது என்று அதைக் கண்டறிந்தவர்களே எழுதினார்கள்.

படி 8: பழங்கதையைப் பழங்கதையாகவே படியுங்கள்

மலைப்பாம்புக்குப் பழந்தமிழில் மாசுணம் என்று பெயர். ஆண் யானையையே பிடித்த மாசுணம் சங்கப் பாடலில் வருகிறது. இந்தியப் பாம்புகள் கலைமானையும் காளையையும் முழுசாய் விழுங்கும் என்று மெகஸ்தனிஸ் சொன்னதாக பிளினி குறிக்கிறார். மானை விழுங்குவது உண்மை, யானை முடியாது. ஆனால் அந்தக் கவிஞர் அளவு எழுத வரவில்லை. மலையின் அச்சத்தை எழுதினார். அந்தப் பாட்டை ஆதாரமாகக் காட்டுவதும் பொய் என்று எள்ளுவதும் ஒரே தவறு.

படி 9: பெரிய பாம்பை நீங்களே பார்த்தால்

விலகி நில்லுங்கள், மற்றவர்களையும் விலக்குங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். மிகைப்படுத்திய செய்திகளால் உண்மையில் உயிர் போவது பாம்புக்குத்தான். 12 அடி மலைப்பாம்பை 30 அடி அரக்கன் என்று அறிவித்தபின் அதை யாரும் உயிரோடு போக விடுவதில்லை. இறந்துகிடந்தால் இழுக்காமல், முதுகின் நடுக்கோட்டில் ஒரு கயிறை வளைவுகளோடு கிடத்தி, பிறகு கயிறை அளக்க வேண்டும். தொங்கவிட்டால் மூட்டுகள் தளர்ந்து நீளும்.

உயிரோடு பாதையைக் கடக்கிறதென்றால் இன்னும் எளிது. தலை ஒரு கல்லைத் தாண்டும்போது வால் நுனி எங்கே இருந்தது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அசையாமல் காத்திருங்கள். அது முழுதும் போய் மறைந்தபின் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே நாடாவை விரியுங்கள். உடலின் வளைவு சேராததால் உண்மை நீளம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். நாடா காட்டியதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.